ஒன்பது பழசு, மூன்று புதுசு

மூன்று புதுப்பாட்டையும் எமில்தான் பாடினான் என்று அவன் மனைவி யசிந்தா நம்ப வேண்டும். அதற்காகத்தான் உப்புக்குளத்தில் இருந்து பேசாலை வரைக்கும் இந்த வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓடி வந்தேன்.

அவள் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

பென் டிரைவைக் கொடுத்தேன். எங்கள் றொக் பாண்டின் சிறந்த பாடல்கள். ஒன்பது பழசு, மூன்று புதுசு.

பாண்டின் பெயர் 'மன்னார்க் கழுதைகள்'. எமில் வைத்தது. இந்தத் தீவில் நடுறோட்டில் நின்று யாருக்கும் பயப்படாமல் கத்துகிறவை அவை மட்டும்தான், எங்களுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும் என்பான்.

பழைய ஒன்பதையும் அவள் தொடவில்லை. சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் செருகி, நேரே பத்தாவதை அழுத்தினாள்.

எமில் பாடத் தொடங்கினான். அதே கரகரப்பு. மேலே போகுமுன் மூக்கால் இழுக்கும் அதே மூச்சு. அவள் உடனே சத்தத்தைக் குறைத்தாள். உள்ளே மகள் நித்திரையாக்கும் என்று நினைத்தேன்.

அந்தக் குரல் பழைய ஒன்பது பாட்டில் இருந்து எடுத்தது. கீபோர்ட் வாசிக்கும் நிதர்சன் அவற்றைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, நான் எழுதிய மூன்று பாட்டையும் எமிலின் குரலில் பாட வைத்தான். முதல் தடவை கேட்டபோது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எமில் செத்துப் பதினாலு மாதம்.

ஏஜென்சிக்காரனை நம்பி ஐரோப்பாவுக்குப் போன வழியில், எந்த நாட்டு எல்லை என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாத ஒரு காட்டில், பனியில் விறைத்துப் போனான். கூடப் போன பொடியன்கள் எனக்குத்தான் போன் எடுத்தார்கள்.

அதைச் சொல்லத்தான் அன்றைக்கும் வந்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டபடி வாசலுக்கு ஓடி வந்து, "சேர்ந்திட்டாரோ?" என்று கேட்டாள். என் நாசமாய்ப் போன வாய், "ஓம்" என்றது.

பிறகு அந்த ஓமைக் காப்பாற்றவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. முகாமில் இருக்கிறான், போன் கொடுக்கிறார்கள் இல்லை, ஆள்மூலம் சொல்லி அனுப்பினான். எத்தனை தரம் இந்த வாசல் வரைக்கும் உண்மையைக் கொண்டு வந்து, அப்படியே திருப்பிக் கொண்டு போயிருப்பேன்.

போன மாதம் அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். எமிலின் குரலைக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அதே ஏஜென்சியோடு தேடிப் போகப் போகிறாள். பாஸ்போட்டும் எடுத்து வைத்திருந்தாள்.

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. பாட்டு எழுதினேன்.

பன்னிரண்டாவது தொடங்கியபோது கேட்டாள்.

"எப்ப பாடினது, றிஸ்லான் நானா?"

கேட்பாள் என்று தெரியும். போன வருடம் என்றால் அவளுக்குப் போதாது. கண்ட நாளையும் சொல்ல முடியாது. எங்கள் பாண்டில் ஒரு சட்டம் இருந்தது. என் நோன்பு மாதத்தில் யாரும் வாத்தியம் தொடுவதில்லை, எமிலின் தவக்காலத்திலும் தொடுவதில்லை. எமில் அதற்கும் ஒருபடி மேலே. மகள் பிறந்து மூச்சில்லாமல் கிடந்தபோது வைத்த நேர்த்தி, தவக்காலம் முழுக்க அவளுக்கு ஒரு தாலாட்டுக்கூடப் பாட மாட்டான்.

இந்த வருடம் இரண்டு நோன்பும் ஒரே கிழமையில் தொடங்கின. ஆகவே எல்லாவற்றையும் யோசித்துத்தான் நாளைத் தெரிவு செய்து வைத்திருந்தேன்.

"எங்கட நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள், தங்கச்சி. இந்தப் போன ஞாயிற்றுக்கிழமைதான்."

அவள் தலையாட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கெட்டிக்காரனடா றிஸ்லான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பாட்டை அவள் முடியும் வரைக்கும் கேட்டாள். கடைசியில் எமில் ஒரு சொல்லை இழுத்து இழுத்து விடுவான், அதுவும் முடிந்தது. பெட்டியை நிற்பாட்டி, பென் டிரைவைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"விபூதிப் புதனுக்கு முதல் பாடினதெண்டு சொல்லியிருந்தா நம்பியிருப்பன், நானா."

அப்போதுதான் அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தேன். மாதா சுரூபத்தை ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். வந்ததில் இருந்து அது என் கண்முன்னால்தான் இருந்தது.

தவக்காலம் முடிகிற உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் பதினொரு நாள் கிடந்தது. என் நோன்பு முடிந்ததும் அவனுடையதும் முடிந்துவிட்டது என்று நினைத்த மடையன் நான். அவள் சத்தத்தைக் குறைத்ததும் பிள்ளைக்காக இல்லை.

என்னைப் பேசுவாள் என்று பார்த்தேன். பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"திகதியையாவது உண்மையாச் சொல்லுங்கோ. ஆத்துமப் பூசைக்கு எழுதிக் குடுக்கவேணும்."

சொன்னேன். போன வருடம், தை மாதம் ஒன்பதாம் திகதி.

அவள் விரல் மடித்து எண்ணினாள். மூன்றாவது விரலில் நிறுத்தினாள்.

பன்னிரண்டாம் திகதிதான் நான் "ஓம்" சொன்னது. அடுத்த ஞாயிறு, எமில் சுகமாகச் சேர்ந்ததற்கு அவள் கோவிலில் நன்றிப் பூசை கொடுத்தாள். பூசை முடிந்து வாசலில் நின்று எல்லாருக்கும் பணிஸ் கொடுத்தாள். வெளியே நின்ற என்னையும் தேடி வந்து தந்தாள், நான் வாங்கித் தின்றேன்.