தலைக்குத் தண்ணீர்

"என்னடி, ஆத்தா இன்னுமா எறங்கலை?"

வேப்பிலை செருகிய வாசல் நிலைக்கு வெளியிலேயே நின்று கேட்டாள் கல்யாணசுந்தரி. அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாட்கள் வரக்கூடாது.

"பிள்ளைக்குப் பழசெல்லாம் காஞ்சிருச்சு மதினி. நேத்து வயித்துல புதுசா முத்துப் போட்டிருக்கு" என்றாள் சொர்ணவல்லி.

"இதென்னடி கூத்து? அம்மை குத்த வர்ற ஆளு, சின்னம்மைதான், ஒரு வாரத்துல எறங்கிரும்னானே! ஒரு மாசமாவா நிக்கும்? நீ ஏதும் தாளிச்சுக் கீளிச்சுத் தின்னியா?"

"கஞ்சியத் தவிர ஒண்ணுமே இல்ல மதினி."

"என்னமோ போ. ஒனக்குத் தோதாத்தான் இருக்கு."

"என்ன சொல்றீக?"

"என்னத்தைச் சொல்ல? என் தம்பி செத்து ஒரு மாசமாச்சு. நீ பொட்டும் தாலியுமா நிக்கிறே. பள்ளத்தூரே சிரிக்குது."

தச்சுவேலைக்கு மெட்ராஸ் போன சொர்ணவல்லியின் புருஷன் வீரப்பன் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். உடலைக் கொண்டுவர வழியில்லை. கூட வேலை பார்த்த அவன் தம்பியே அங்கே எல்லாவற்றையும் முடித்துவிட்டான். ஊருக்குத் தந்தி வந்த அன்று ஒரே மகள் வள்ளிக்கண்ணு அம்மை போட்டு வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள்.

ஆத்தா வந்திருக்கிற வீட்டில் ஒப்பாரி கூடாது. சாவுப் பேச்சு கூடாது. தாலியை இறக்கக் கூடாது. பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாளை அனுப்பி வைத்த பிறகுதான் எதுவும்.

சொர்ணவல்லி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள். அடக்க முடியாதபோது கிணற்றடிக்குப் போய், வெறும் வாளியைக் கல்லில் உருட்டிக்கொண்டே அழுவாள். அப்பா தீபாவளிக்கு வந்துவிடுவார் என்று பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"மெல்லப் பேசுங்க மதினி. உள்ள பிள்ளை காதுல விழுந்திரப் போகுது."

"எத்தனை நாளைக்குடி மூடி வைப்பே? தண்ணி ஊத்துன அன்னைக்குச் சாயங்காலமே, ஒங்கண்ணன் எடுத்தாந்த வெள்ளைச் சேலையக் கட்டி ஒக்கார வச்சு, பொட்டை அழிச்சு, வளையலை ஒடைச்சிரணும். அப்பத்தான் என் தம்பிக்கு நல்ல கதி."

"நான் மாட்டேன்னா சொன்னேன்?"

"வாயால சொல்லலை. ஒம் மூஞ்சியில அந்த அவசரத்தைக் காணமே!"

சொர்ணவல்லி உள்ளே வந்தாள்.

வள்ளிக்கண்ணு பாயில் உட்கார்ந்து கழற்சிக்காய் ஆடிக்கொண்டிருந்தாள். பதினோரு வயது. பக்கத்தில் அவளுடைய ஓலைக் கொட்டான்.

"யாரும்மா வந்தது?"

"அத்தைதான். ஒனக்கு எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போறாக."

"இங்குட்டு வாயேன். பொட்டு வேர்வையில அழிஞ்சிருக்கு பாரு."

குங்குமச் சிமிழை எடுத்து அவளே வைத்துவிட்டாள். தள்ளி இருந்து பார்த்தாள். போதாது என்று இன்னும் கொஞ்சம் அப்பினாள்.

"பெருசா வச்சாத்தான் ஒனக்கு நல்லாருக்கு. அழிக்காத, என்ன?"

சொர்ணவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு மகளின் பாவாடையை விலக்கிப் பார்த்தாள். கை, வயிறு, தொடையெல்லாம் தழும்பும் பொருக்குமாக இருந்தது. முதுகில் மட்டும் பழைய வடுக்கள்தான்.

"நல்லவேளை, முதுகுல புதுசா ஒண்ணுகூடப் போடலை. இருக்கிறதும் காஞ்சிரும். ஞாயித்துக்கிழமை தண்ணி ஊத்திருவோம்டி."

வள்ளிக்கண்ணு மேலே வீசிய கழற்சிக்காயைப் பிடிக்கவில்லை. அது உருண்டு சுவரோரம் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வளவு முற்றத்தில் அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்தாள் சொர்ணவல்லி. கல்யாணசுந்தரியும் வந்துவிட்டாள். கையில் வெள்ளைச் சேலை.

பிள்ளையை எழுப்பப் போன சொர்ணவல்லி திகைத்து நின்றாள். ரெண்டு தொடையிலும் புதிதாகக் கொப்புளங்கள், நீர் கோத்துக்கொண்டு.

"மதினி, மறுபடியும் போட்டிருக்கு!"

வாசலிலிருந்து கல்யாணசுந்தரி கத்தினாள். "அது எப்படிடி, தண்ணி ஊத்தணும்னு சொல்லுறப்பல்லாம் போடுது?"

"ஆத்தாளுக்குப் போக மனசில்லை போல மதினி."

"ஆத்தாளுக்கா, ஒனக்கா?"

சொர்ணவல்லி வாளியைத் தேடிப் போகவும் முடியாமல், வாடிய வேப்பிலையையாவது மாற்றுவோம் என்று பாயின் ஓரத்தை வெடுக்கென்று இழுத்தாள். கொட்டான் கவிழ்ந்தது. கழற்சிக்காயும் புளியங்கொட்டையும் தரையெல்லாம் ஓடின.

"அம்மா, எடுக்காத! நான் எடுத்துக்கிறேன்!" வள்ளிக்கண்ணு பாய்ந்தாள்.

அதற்குள் அது சொர்ணவல்லியின் கைக்கு வந்துவிட்டது. கறுப்பாக ஒரு கொட்டை. அதில் குத்தியபடி ஓர் ஊக்கு.

வெளுக்கிறவர்கள் துணிக்குக் குறி போடுகிற சேராங்கொட்டை. அதன் பால் பட்ட இடம் கொப்பளித்துப் போகும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஊக்கின் முனையில் பால் இன்னும் காயவில்லை.

"வள்ளி... என்னடி இது?"

வள்ளிக்கண்ணு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அம்மாவின் காதோரம் வந்தாள்.

"தண்ணி ஊத்தாதம்மா, ஊத்துனா அத்தை ஒன் பொட்டை அழிச்சிரும். அப்பாவுக்கு... நீ கெணத்தடியில வாளிய உருட்டுறப்பல்லாம் நானும் போர்வைக்குள்ள அழுதுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."