சொந்தக்காரர்களுக்கு மட்டும்

"பதிவு பண்ணாமலே வரிக் கணக்கு போட்டுக் கொடுக்கிறீங்களாமே?"

கேட்டது ஆய்வாளர் அம்மா. ஒரு கையில் பூட்டு, மறு கையில் அரக்கு. எந்தக் கடைக்குப் போனாலும் சீல் வைக்காமல் திரும்ப மாட்டார் என்பதால் அவருக்குச் 'சீலம்மா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வரிக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எதிரே பெஞ்சு நிறைய ஆட்கள்.

"சொந்தக்காரங்களுக்குச் சும்மா போட்டுக் கொடுத்தா பதிவு வேண்டாம்னு சட்டத்துலயே இருக்கேம்மா" என்றார் பவ்யமாக.

இருந்தது. அதுதான் சீலம்மாவுக்கு எரிச்சல். போன வருடம் வந்த சட்டம் அது. அடுத்தவர்களுக்கு வருமான வரிக் கணக்கு போட்டுத் தருகிறவர்கள் தேர்வு எழுத வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், கேட்டாலே தலை சுற்றுகிற ஒரு கட்டணத்தைக் கட்டிச் சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்ட வேண்டும். இந்தக் கடைச் சுவரிலோ, 'சொந்தக்காரர்களுக்கு மட்டும்' என்று ஓர் அட்டை தொங்கியது. மை இன்னும் காயவில்லை.

"இத்தனை பேருமா சொந்தம்?"

"கொஞ்சம் பெரிய குடும்பம்மா."

சீலம்மா நேராகப் பெஞ்சுக்குப் போனார். முதல் ஆள் பிளம்பர்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"மாப்பிள்ளை மேடம்."

"இவருக்குக் கல்யாணமே ஆகலையே!"

"அதான் மேடம், நானும் காத்துக்கிட்டே இருக்கேன்."

அடுத்து, கழுத்தில் டேப்போடு தையல்கார அம்மா. கேட்பதற்கு முன்பே பதில் வந்தது.

"நான் அவருக்குச் சித்தி."

"அவருக்குத் தலை பூரா நரை. உங்களுக்கு அவர் வயசுல பாதிகூட இருக்காதே?"

"சித்தப்பா என்னை ரெண்டாந்தாரமாக் கட்டிக்கிட்டார்."

"எங்கே அந்தச் சித்தப்பா?"

தையல்கார அம்மா பக்கத்தில் இருந்த பிளம்பரைக் கை காட்டிவிட்டார். பிளம்பருக்கு வியர்த்துக் கொட்டியது.

"இவர் மாப்பிள்ளைன்னு இப்பதானே சொன்னார்?"

"ரெண்டு வழியிலயும் சொந்தம் மேடம்!" என்றார் பிளம்பர்.

சீலம்மாவின் பொறுமை போய்விட்டது. "எல்லாரும் வெளியே வாங்க. கடையைப் பூட்டப் போறேன்."

அவ்வளவுதான். எதிர்க்கடையிலிருந்து ஓர் ஆள் தெருவைத் தாண்டித் தலைதெறிக்க ஓடி வந்தார். அவரும் வரிக் கணக்கு போடுகிறவர்தான். ஆனால் முறைப்படி தேர்வு எழுதி, கட்டணம் கட்டி, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருப்பவர்.

"மேடம், பூட்டாதீங்க! நானும் இவருக்குச் சொந்தம்தான்!"

சீலம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்களுமா? இவர் கடையை மூடினா உங்களுக்குத்தானே லாபம்?"

"கொஞ்சம் இப்படி ஓரமா வாங்க."

வாசலுக்கு வெளியே அவர் குரலைத் தாழ்த்தினார். பெஞ்சு மொத்தமும் பின்னாலேயே வந்து சூழ்ந்துகொண்டது.

"இவர் போடுற கணக்கு ஒண்ணுகூட உங்க ஆபீசுக்கு வர்றதே இல்லை மேடம். வந்தா இந்தத் தெருவே கம்பி எண்ணும். சட்டம் வந்ததுல இருந்து பாவம், இவருக்குப் புத்தி குழம்பிப்போச்சு. போன தடவை பிளம்பரை விதவைன்னு எழுதிட்டார்."

"எனக்கு ஒன்பது பிள்ளைங்கன்னு எழுதியிருந்தார்" என்றார் தையல்கார அம்மா. "அதுல நாலு தையல் மெஷின்."

"இவர் எழுதினதை வாங்கிக்கிட்டு எல்லாரும் சத்தம் போடாம என்கிட்ட வந்துடுவாங்க. நான் முதல்ல இருந்து சரியாப் போட்டு அனுப்பிடுவேன்" என்றார் எதிர்க்கடைக்காரர்.

"அப்புறம் எதுக்கு இங்கே வந்து தவம் கிடக்குறீங்க?"

பிளம்பர்தான் சொன்னார். "ஒண்டிக்கட்டை மேடம். யாரும் வரலைன்னா மனுஷன் மனசு விட்டுடுவார். எங்க தெருவுக்கே அவர்தான் கணக்கு போட்டுக் கொடுத்துக்கிட்டு இருந்தார். எப்படிப் போய் 'உங்களுக்கு இப்ப கணக்கு போட வரலை'ன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்றது?"

இத்தனை வருட வேலையில், பொய் சொன்னவர்கள் மேல் சீலம்மா பிரியப்பட்டது இதுதான் முதல் தடவை.

"ஆபீசுக்கே வராத கணக்குக்கு நான் எதுக்கு சீல் வைக்கணும்?" என்று பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அரக்கை மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வர, மறுபடி உள்ளே போனார். வரிக்காரர் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால், இந்தத் தடவை பிளம்பருக்குப் பிரசவ விடுப்பு.

பாவமாக இருந்தது. மெல்லச் சொன்னார். "அய்யா, அவர் ஆம்பளைங்க."

வரிக்காரர் பேனாவை வைத்தார். வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"தெரியும்மா. மெதுவாப் பேசுங்க. எதிர்க்கடைப் பையன் கடனை உடனை வாங்கிக் கட்டணத்தைக் கட்டிட்டு, ஒரு ஆள்கூட வராம ஈ ஓட்டிக்கிட்டு இருந்தான். பச்சைக் குழந்தை இருக்கு அவன் வீட்ல."

"அதுக்கு நீங்க கடையை மூடியிருக்கலாமே?"

"மூடிப் பார்த்தேன். இதுங்க வீட்டுக்கே வந்து நின்னுடுச்சுங்க" என்றார் வரிக்காரர். "தப்புத் தப்பாப் போட்டாத்தாம்மா இதுங்க அவன்கிட்ட போகும்."