இடப்புற நாற்காலி

வரவேற்பறையின் மூலைகளில் ஒலிபெருக்கிகளைப் பொருத்தி முடித்த எபினேசர், என் கணவரை நடு நாற்காலியில் அமர்த்தினார். “ஐயா, சத்தம் எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் கை காட்டுங்க. அதுக்கேத்த மாதிரி செட் பண்ணிடறேன்.” நான் கணவருக்கு இடப்புறம் அமர்ந்தேன், மணநாள் முதல் அதுவே முறை என்று நான் பிடிவாதமாகக் காத்துவந்த இடம். இரைச்சல் மூலைக்கு மூலை நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டே கை காட்டினார்.

“பரீட்சையில காப்பியடிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டுக் கண்களை மூடிக்கொண்டேன்.

இடப்புறம் இரைந்தது. கண் திறந்தபோது, அவர் கை வலப்புறத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

“ஐயாவுக்கு இடது காது கேக்காதாம்மா?” என்றார் எபினேசர்.

‘செவிடா நீங்கள்?’ என்று விருந்தினர் முன்னிலையில் எத்தனை முறை அதட்டியிருக்கிறேன், இதே நாற்காலியிலிருந்து. ஒருமுறைகூட அவர் ஆம் என்று சொன்னதில்லை.

“எல்லாச் சத்தத்தையும் வலப்பக்கமே வெச்சிடவாம்மா?”

எழுந்து, கணவரின் வலப்புறம் போய் நின்றேன். அவர் பதறித் திரும்பினார்.

“என்ன சொன்னே?”

நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.