காணாமல் போனவருக்கு இடமில்லை

லிட்டில் இந்தியாவின் அச்சுக்கடையில், கணினித் திரையின் வெளிச்சம் லோகேஸ்வரியின் வீங்கிய கண்களில் விழுகிறது. நேற்றுக் காலை பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன மறதிக்கார அப்பா இன்னும் வீடு திரும்பவில்லை. ‘காணவில்லை’ நோட்டீசுக்காக அவர் படத்தின்மேல் கடையின் வடிவமைப்பாளன் குகன் எழுத்துகளை ஏற்றிக்கொண்டிருக்கிறான். அச்சுச் செலவைத் தானே ஏற்பதாகச் சொன்ன சங்கத் தலைவர் அவன் நாற்காலியைப் பிடித்தபடி நிற்கிறார். “தம்பி, என் படத்தையும் பெருசா போடுலா. ‘டத்தோ’ பட்டம் தங்கக் கலர்ல இருக்கட்டும். ஐயோ, ‘சமூகக் காவலர்’ விட்டுட்டியே!” ஒவ்வொரு பட்டமும் ஏற ஏற, அப்பா ஓரத்துக்கு நகர்ந்து தபால்தலை அளவுக்குச் சுருங்குகிறார். “அண்ணே, போன் நம்பராவது தெரியிற மாதிரி போடுங்கண்ணே,” என்று லோகேஸ்வரி குகனிடம் கெஞ்சுகிறாள். குகன் மவுஸைத் திரை முழுக்க அலையவிடுகிறான், இடமே இல்லை. போட்டோஸ்டேட் எடுக்க வந்த பெண்மணி திரையை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். “டத்தோவுக்குப் பிறந்தநாளா? வாழ்த்துகள்லா!” தலைவர் கைகூப்பி ஏற்றுக்கொள்கிறார்.