பனிக்குள் போன கயிறு

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா வெட்டவெளியில், லுத்தரன் கிறிஸ்தவ சபையின் சின்னப் பள்ளி வாசலில், கயிற்றின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறாள் டீச்சர் மார்லிஸ். இடைவேளையில் பனிப்புயல் திடீரென்று எழுந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் உள்ளே ஓடிவந்துவிட்டார்கள். ஐந்து வயது கெர்டா மட்டும் வரவில்லை. மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு பாஸ்டர் ஹால்வர்சன் தேடப் போயிருக்கிறார். கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் கயிறுகூடத் தெரியவில்லை. "பாடுங்க பிள்ளைங்களா, சத்தமா! அவளுக்குக் கேக்கணும்." சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தையே பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். காற்று அதை வாசலிலேயே பிடுங்கிக்கொள்கிறது. கயிறு வெடுக்கென்று இழுக்கிறது. அதற்குமேல் நீளமில்லை, பாஸ்டரோ இன்னும் தூரம் போகவேண்டும். மார்லிஸ் படியிறங்குகிறாள். "என் கோட்டைப் பிடிங்க. விட்றாதீங்க!" பிள்ளைகள் ஒருவர் இடுப்பை ஒருவர் பற்றிக்கொள்ள, கடைசியில் நிற்கும் ரோல்ஃப் கதவுக் கைப்பிடியைக் கட்டிக்கொள்கிறான். "டீச்சர், கை வழுக்குது!" "பல்லால கடிச்சாவது பிடிடா!" பனி அவள் கண்களை மூடுகிறது. கயிறு தளர்கிறது. எதுவும் கட்டப்படாததுபோல் தளர்ந்து கிடக்கிறது. அவள் இழுக்கிறாள், அழுதுகொண்டே இழுக்கிறாள். வெள்ளைக்குள்ளிருந்து பாஸ்டர் முழங்காலில் தவழ்ந்து வருகிறார், கோட்டுக்குள் கெர்டா. உதடு நீலம், இமைகளில் பனிக்கட்டி. உள்ளே கணப்படுப்பருகே அவளை மடியில் போட்டுக் கன்னத்தைத் தேய்க்கிறாள் மார்லிஸ். "அழுடி தங்கம். ஒரே ஒரு தடவை அழு." பாட்டு நின்றுவிட்டது. கெர்டாவின் வாய் மெல்லக் கோணுகிறது. சத்தம் நெடுநேரம் கழித்துத்தான் வருகிறது.