எடை நோட்டு

குறைமாதத்தில் பிறந்த அவளுடைய இரட்டைக் குழந்தைகள் ஒருவழியாக வீடு வந்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் கொடுத்தனுப்பிய எடை நோட்டில் அடுத்த வாரத்து எடையும் ஏற்கெனவே எழுதியிருந்தது.

"ஏதோ ஞாபகத்துல எழுதியிருப்பாங்க, விடு," என்றான் கணவன்.

ஒரு வாரம் கழிந்தது. தராசு கிராம் பிசகாமல் அதையே காட்டியது.

அவள் நோட்டை மறுபடி கையில் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் சின்னவள் அடிக்கடி மூச்சுவிட மறந்துபோனவள். நோட்டின் பின்பக்கங்களில் அவள் பெயர் இருக்குமா, இருக்காதா? மனதைத் திடப்படுத்திக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

அங்கே எடை இல்லை. அவளுடைய கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது: 'சின்னவள் இன்றும் குனிய மறந்து வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டாள்.'

நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். ஆறடிக் கணவன் பால் புட்டிகளோடு குனியாமலே, தலை இடிக்காமல் உள்ளே வந்துகொண்டிருந்தான்.