ஆட்டின் காலில் செருப்பு

நின்கல்லா தர வேண்டியது ஒன்றரை ஷெக்கல் வெள்ளி.

ஒரு பெட்டை வெள்ளாட்டுக் குட்டியின் விலை அது. வெள்ளி அவளிடம் ஏது? மகள் அமகினா காய்ச்சலிலிருந்து எழுந்ததும் மூன்று வருஷம், குட்டியைக் கொடுத்த உர்தூலின் மந்தையை மேய்த்துக் கழிப்பாள் என்று களிமண் பலகையில் எழுதியாயிற்று.

எழாவிட்டால் கடன் இல்லை. பலகையை உடைத்துவிட வேண்டும். உயிருக்குப் பதிலாகக் கொடுத்துப் பலிக்காத ஆட்டுக்கு லகாஷ் ஊரில் யாரும் விலை கேட்பதில்லை. கேட்டால், கீழே பாதாளத்தில் இருக்கிறவளிடமே பங்கு கேட்டதாகிவிடும்.

பலகையை இடுப்பில் முடிந்துகொண்டு உர்தூல் விடியும்போதே வந்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டான்.

குட்டியை அமகினாவோடு ஒரே பாயில் படுக்க வைத்திருந்தார்கள். விடிவெள்ளி கிளம்பியதும் பூசாரி அமகினாவின் கழுத்தில் மரக்கத்தியை வைத்து எடுத்தார். செம்புக் கத்தி குட்டிக்கு.

இப்போது குட்டி முற்றத்தில் கிடந்தது. அமகினாவின் உடுப்பு, அமகினாவின் தலைத்துணி, கண்ணில் மை. பின்னங்கால்களில் அமகினாவின் செருப்பு.

"மை வெச்சதும் உன் கொழுந்தியா சாயல் வந்திருச்சுடா," என்றான் குழி வெட்டிக்கொண்டிருந்தவன்.

உர்தூல் சிரிக்கவில்லை. பாதாளத்து ராணி எரேஷ்கிகல் இதை அமகினா என்று நம்ப வேண்டுமே என்பதுதான் அவன் கவலை. நம்புவாள் என்றுதான் பட்டது. புல் முளைக்காத ஊர் அவளுடையது. அங்கே தின்பதற்குப் புழுதி, குடிப்பதற்குச் சேற்றுத் தண்ணீர். ஆட்டை அவள் எங்கே பார்த்திருக்கப் போகிறாள்?

போன வருஷம் மேய்க்க ஆளில்லாமல் பதினோரு ஆடுகள் ஓநாய்க்குப் போயின. அமகினா கெட்டிக்காரி. கம்பை எடுக்க மாட்டாள். நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்தால் மந்தையே திரும்பிவிடும்.

"அமகினா செத்துப் போனாள்," என்று பூசாரி மூன்று தடவை கூவினார். இனிமேல் குட்டிதான் அமகினா. அது மண்ணுக்குள் போகிறவரை, நாணல் தட்டிக்குப் பின்னால் படுத்திருக்கிறவளைத் தாயைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது. பெயர் சொல்லியும் கூப்பிடக் கூடாது.

அழ வேண்டியது நின்கல்லா. அவளுக்கு அழுகை வரவில்லை. செருப்புப் போட்ட ஆட்டைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். மூன்று ராத்திரி தூங்காதவளின் சிரிப்பு.

"கல்யாண வீட்டுக்கா வந்திருக்கே?" பூசாரி அதட்டினார். "கீழ இருக்கறவளும் பிள்ளைக்காகப் பொரண்டு அழறவதான். பொய் அழுகை அவளுக்குத் தெரியாதா? போ, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்து ஒழுங்கா அழு."

நின்கல்லா குடுவையில் தண்ணீர் மொண்டுகொண்டு தட்டிக்குப் பின்னால் போனாள். மகளுக்கும் ஒரு வாய் கொடுத்துவிட்டு வருவாள் என்று உர்தூல் நினைத்துக்கொண்டான்.

வர நேரமாயிற்று. வந்தபோது குடுவை போன மாதிரியே தளும்பிக்கொண்டிருந்தது.

பிறகு அழுதாள்.

அப்படி ஓர் அழுகையை உர்தூல் கேட்டதில்லை. ஆட்டின் காலைக் கட்டிக்கொண்டு, செருப்பின் வாரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். குழி வெட்டினவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இதற்கு மேல் கீழே இருக்கிறவள் நம்பாமல் இருக்க முடியாது. உர்தூலுக்கு மனசு லேசாயிற்று. பொண்ணுக்குத் தொப்பி ஒன்று பின்னித் தர வேண்டும், வெயில் கடுமை.

குட்டியைக் குழியில் இறக்கும்போது நின்கல்லா பூசாரியைப் பார்த்தாள்.

"ஐயா, செருப்ப மட்டும் கழட்டிக்கட்டுமா?"

"கூடாது. வெறுங்காலோட போனா வாசல்லயே கண்டுபிடிச்சிருவாங்க."

கையை எடுத்துவிட்டாள்.

சூடான கஞ்சி, ரொட்டி, பார்லிக் கள் எல்லாம் வைத்து மண்ணைத் தள்ளினார்கள். சூரியன் மதில்மேல் ஏறியிருந்தது.

"முடிஞ்சுது," என்றார் பூசாரி. "போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடு. எழுந்து வரட்டும்."

நின்கல்லா தட்டிப் பக்கம் போகவில்லை. உர்தூலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"பலகைய உடைச்சிரு அண்ணே."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. சுவரோரம் அந்தக் குடுவை நிறைந்தபடியே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிச்சை அவிழ்த்துப் பலகையை எடுத்தான். முழங்காலில் வைத்து அழுத்தினான். நன்றாகக் காய்ந்த பலகை, உடைய மறுத்தது.

குழி வெட்டினவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போயிருந்தான். உர்தூல் எழுந்து போய் அதைக் கேட்டு வாங்கி, ஒரே தட்டில் பலகையை உடைத்தான்.

மண்வெட்டியை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை.